இடது கைத் தழும்பும் ராஜாஜியின் சண்டையும்

சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே சுருட்டி, இடது தோளுக்குக் கீழே பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அங்கே ஒரு சின்னத் தழும்பு இருக்கும். சிலருக்கு வட்டமாக, சிலருக்குத் தேடினால்தான் தெரியும் அளவுக்கு மங்கலாக. பிறந்த கொஞ்ச நாளிலேயே போட்ட பி.சி.ஜி. ஊசி விட்டுவிட்டுப் போன அடையாளம் அது. காசநோய், அதாவது பேச்சுவழக்கில் டி.பி., வராமல் இருக்கப் போடுவது. போட்டது யார், எங்கே என்று கேட்டால் வீட்டில் அம்மாவுக்குக்கூடச் சரியாக ஞாபகம் இருக்காது. அவ்வளவு சாதாரணமாகிவிட்ட விஷயம்.

இந்தச் சாதாரண ஊசிக்காக ஒரு காலத்தில் சென்னையில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? சண்டை போட்டவர் தெருமுனை வைத்தியர் யாரும் இல்லை. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் இருந்த ராஜாஜி! வருடம் 1955.

சண்டை நடந்த இடங்கள் எல்லாமே நமக்குப் பழக்கமானவைதான். நங்கநல்லூரில் மெட்ரோ ஏறினால் அடுத்தது ஆலந்தூர், அதற்கடுத்தது கிண்டி. அந்தக் கிண்டியில்தான் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 1948ல் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் ஆய்வகம் வந்தது. இன்னொரு வேடிக்கை, அன்றைக்கு நங்கநல்லூர் சென்னையே கிடையாது. பரங்கிமலை, ஆலந்தூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். (மாநகராட்சிக்குள் வந்ததே 2011ல்தான்.) இந்தச் சண்டைக்குக் கடைசியில் தீர்ப்பு எழுதியதும் அதே செங்கல்பட்டு மாவட்டம்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

முதலில் அந்தக் காலத்து டி.பி. எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தரப்பும் ஏன் அவ்வளவு சூடாகப் பேசினார்கள் என்பது புரியாது.

நேருவின் மனைவி கமலா 1936ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் இறந்தது டி.பி.யால். புதுமைப்பித்தன் 1948ல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் இறந்ததும் டி.பி.யால். பணம் இருந்தவர்களையும் விடவில்லை, இல்லாதவர்களைக் கேட்கவே வேண்டாம். 1946ல் வந்த போர் குழுவின் அறிக்கை அன்றைய இந்தியாவில் சுமார் 25 லட்சம் டி.பி. நோயாளிகள் என்றும், வருடத்துக்கு 5 லட்சம் சாவுகள் என்றும் மதிப்பிட்டது. மொத்த நாட்டிலும் டி.பி.க்கென்று இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000. வகுத்துப் பாருங்கள், 400 நோயாளிக்கு ஒரு படுக்கைகூட வராது. நம் பக்கத்தில் இருந்தது தாம்பரம் சானடோரியம். 1928ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்து, 1937ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. (இங்கிலாந்தில் கணிதமேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் இந்த சௌரி முத்துவும் ஒருவர். ரயில் நிலையத்துக்கே "தாம்பரம் சானடோரியம்" என்று பெயர் வந்துவிட்டது. தினமும் அதைத் தாண்டிப் போகிற பலருக்கு இந்தக் கதை தெரியாது.) நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அதற்கு மேல் அன்றைய வைத்தியத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும் ஏழைக்கு எட்டாத விலை.

இப்போது அரசாங்கத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். படுக்கை இல்லை, பணம் இல்லை, டாக்டர்கள் இல்லை. எல்லாருக்கும் நல்ல வீடும் சாப்பாடும் கொடுத்து டி.பி.யை ஒழிப்பது என்றால் எத்தனை ஐந்தாண்டுத் திட்டம் ஆகும்? அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "ஒரு ஊசி இருக்கிறது, தலைக்குச் சில அணா செலவில் முடித்துவிடலாம்" என்று சொன்னால் எந்த நிதியமைச்சர் வேண்டாம் என்பார்? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அந்த ஊசிக்குப் பின்னால் இருந்தவர்கள் பிரான்ஸ் நாட்டின் கால்மெட், கெரான் என்ற இருவர். பி.சி.ஜி.யில் உள்ள 'சி'யும் 'ஜி'யும் அவர்கள் பெயரின் முதல் எழுத்துக்கள். மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை எடுத்து, 1908 முதல் 13 வருடம் திரும்பத் திரும்ப ஆய்வகத்தில் வளர்த்து, 230 தடவைக்கும் மேல் மாற்றி மாற்றி வைத்து, நோய் உண்டாக்கும் சக்தியை இழக்கும்படி செய்தார்கள். கிருமி உயிரோடுதான் இருக்கும். ஆனால் பல் பிடுங்கின பாம்பு. 1921ல் பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது.

"உயிரோடுதான் இருக்கும்" என்ற இந்த இடத்தில்தான் எல்லாப் பிரச்சனையும் ஆரம்பம். 1930ல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் சுமார் 250 குழந்தைகளுக்கு பி.சி.ஜி. கொடுத்ததில் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயின. விசாரணையில் பி.சி.ஜி. மேல் தப்பில்லை, அந்த ஊர் ஆய்வகத்தில் நிஜமான டி.பி. கிருமி அதில் கலந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். ஐரோப்பாவில் பல வருடம் இந்த ஊசி என்றாலே ஜனங்கள் பயந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவில் டி.பி. தலைவிரித்து ஆடியபோது ஸ்காண்டிநேவிய நாடுகளின் செஞ்சிலுவைச் சங்கங்களும் யூனிசெஃபும் சேர்ந்து பி.சி.ஜி.யைப் பெரிய அளவில் போட ஆரம்பித்தன. இந்தியாவும் 1948ல் உள்ளே வந்தது. அந்த வருடமே மதனப்பள்ளியில் ஊசி போடத் தொடங்கினார்கள். கிண்டியிலிருந்து மருந்து போனது. 1951க்குப் பிறகு அது நாடு முழுவதும் போகும் இயக்கமாக மாறியது.

இன்றைய மாதிரி பிறந்த குழந்தைக்கு ஒரு ஊசி, முடிந்தது கதை என்று இல்லை. ஊருக்கு ஊசிக்காரர்கள் வருவார்கள். முதலில் கையில் டியூபர்குலின் என்ற சோதனை ஊசி. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். வீங்கியிருந்தால் டி.பி. கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம், அவருக்கு பி.சி.ஜி. கிடையாது. வீங்காதவர்களுக்கு மட்டும் பி.சி.ஜி. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து, வெயில் படாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதுவும் சில வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் என்பதையே பார்க்காத கிராமங்கள் அவை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போடுவது சுலபம் என்பதால் பள்ளிக்கூடங்கள்தான் முதல் குறி.

எதிர்ப்பு ராஜாஜிக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அதுவும் சென்னையிலேயே. ஏ.வி.ராமன் என்று ஒருவர். ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர். சாக்கடை, குடிநீர், கழிவு என்று வேலை பார்த்தவர். மக்கள் ஆரோக்கியத்துக்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினார். பி.சி.ஜி. வந்த கொஞ்ச காலத்திலேயே அதில் விடாமல் எதிர்த்து எழுதத் தொடங்கிவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் நம் குழந்தைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள், முதலில் குடிதண்ணீரையும் சுகாதாரத்தையும் கவனியுங்கள் என்பது அவருடைய கட்சி. வாழ்நாள் முழுக்கச் சாக்கடையைக் கவனித்த மனுஷனுக்கு அப்படித்தானே தோன்றும்? டாக்டர்களுக்கு ஊசி, இஞ்சினியருக்குக் குழாய்.

ராமன் எழுதியதை டெல்லி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1955ல் ராஜாஜி பேனாவை எடுத்ததும் நிலைமையே மாறிவிட்டது.

ராஜாஜிக்கு அப்போது வயது 76. குலக்கல்வித் திட்ட விவகாரத்தில் 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியை விட்டுவிட்டு வெளியே வந்திருந்தார். அதே 1954ல் பாரத ரத்னாவும் வாங்கியிருந்தார். பதவி இல்லை, ஆனால் அவர் பேசினால் பத்திரிகைகள் போடும். பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கி அறிக்கைகள் விட்டார், தனியாக ஒரு சிறு பிரசுரமே ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இவரை விஞ்ஞானம் தெரியாத பழமைவாதி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. சேலத்தில் வக்கீலாக இருந்தபோதே, 1916ல், தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்கள் உருவாக்க ஒரு சங்கம் ஆரம்பித்து அதற்குப் பத்திரிகையும் நடத்தியவர். வேதியியலைச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லித்தர 'திண்ணை ரசாயனம்' என்று புத்தகமே எழுதியவர். குலக்கல்வித் திட்டத்துக்காக அவர் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படலாம் (படுவதற்கு நியாயமும் இருக்கிறது), ஆனால் படிக்காமல் பேசுகிறவர் என்று யாரும் சொன்னதில்லை.

எதிரே நின்றவர் யார் தெரியுமா? மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். பல வருடம் காந்திக்குச் செயலாளராக இருந்தவர். ராஜாஜியோ காந்திக்குச் சம்பந்தி. இரண்டு பேருமே காந்தியின் ஆட்கள். காந்தி இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பது சுவாரசியமான கேள்வி, ஏனென்றால் அவரே ஒரு காலத்தில் அம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதியவர்! ஆசிரமத்தில் அம்ரித் கௌர் இதையெல்லாம் கேட்டிருப்பார். இருந்தும் அமைச்சரானதும் தடுப்பூசியின் பக்கம்தான் உறுதியாக நின்றார். பொறுப்பு தலைமேல் வந்து உட்கார்ந்தால் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரியும் போல.

ராஜாஜி சொன்னதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று சரடுகள் தெரிகின்றன. ஒன்று, உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தையின் உடம்புக்குள் செலுத்துகிறீர்கள். பிறகு அது என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? இரண்டு, இது பலன் தரும் என்பதற்கு என்ன நிரூபணம்? மருத்துவ உலகிலேயே இதில் ஒரே கருத்து இல்லையே, அமெரிக்கா தன் பிள்ளைகளுக்கு இதை எல்லாருக்கும் போடவில்லையே? மூன்று, லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு வரிசையில் நிறுத்திப் போடும்போது பெற்றவர்களுக்கு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்குகிறீர்களா?

முதல் சரடு பலவீனமானது. அதில் அவர் பயம்தான் பேசுகிறது. கோடிக்கணக்கான பேருக்குப் போட்டபின், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த சில குழந்தைகளைத் தவிர, பி.சி.ஜி. ரொம்பப் பாதுகாப்பான ஊசி என்று தெரிந்துவிட்டது. லூபெக்கில் நடந்த மாதிரி இங்கே நடக்கவில்லை. ராஜாஜி கிளப்பிய பயத்தால் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர்கள் தயங்கினார்கள், சென்னை மாகாணத்தில் இயக்கம் தடுமாறியது. ஒரு முன்னாள் முதலமைச்சர் தன் சொந்த மாநிலத்தில் நடக்கும் சுகாதார வேலையை இப்படி ஆட்டம் காண வைப்பது சின்ன விஷயம் கிடையாது.

மூன்றாவது சரடு இன்றைக்குப் படித்தாலும் சரியாகத்தான் தோன்றுகிறது. கேட்டுவிட்டுப் போடுங்கள் என்பதில் என்ன தப்பு?

உண்மையான சண்டை இரண்டாவதில்தான். 1955ல் அரசாங்கத்திடம் என்ன ஆதாரம் இருந்தது? ஸ்காண்டிநேவிய நாடுகளின் அனுபவம் இருந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகள் சுமார் 3,000 பேரிடம் 1930களில் நடந்த ஒரு நல்ல சோதனை இருந்தது, அது சாதகமாகத்தான் வந்திருந்தது. பிரிட்டனில் 1950ல் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகள் 50,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துத் தொடங்கிய பெரிய சோதனையின் முதல் முடிவு 1956ல்தான் வெளிவந்தது. அதாவது ராஜாஜியின் பிரசுரத்துக்கு அடுத்த வருடம். அதில் பி.சி.ஜி. 80 சதவீதம் வரை பாதுகாப்பு தருவதாகத் தெரிந்தது. ஆஹா, சண்டை முடிந்தது என்று நினைப்பீர்கள். ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த சோதனையில் பலன் மிகக் குறைவாக வந்தது. ஒரே ஊசி, ஓரிடத்தில் பிரமாதம், இன்னோரிடத்தில் சுமார்! இந்தியாவில் எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. இந்திய மண்ணில் அப்படியொரு சோதனையை யாரும் செய்யவில்லை. செய்யாமலே கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டெல்லி பின்வாங்கவில்லை. நேருவின் அரசாங்கம் அம்ரித் கௌர் பக்கம் நின்றது, எதிர்ப்பும் மெல்ல அடங்கியது. ராஜாஜி 1959ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்து வேறு சண்டைகளுக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் சென்னையிலேயே இன்னொரு வேலை நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் கதை அரைகுறைதான். 1956ல் சேத்துப்பட்டில் டி.பி. மருந்துகளை ஆராய ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் முன்னின்று நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி தாம்பரம் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சுகளோடு ஒரு வருடம். இன்னொரு பாதி தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்துகொண்டு, வாரம் ஒருமுறை மருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாத்திரை இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1959ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் சுமார் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் சுமார் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை நன்றாகக் கூடியிருந்தார்கள், ஆனால் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சியும் ஒரு முக்கியக் காரணம்.

இதைப் படித்ததும் ராமனும் ராஜாஜியும் தோற்றுவிட்டார்கள் என்று தோன்றலாம். சாப்பாடும் காற்றும் இல்லாமல் மாத்திரையே போதும் என்று நிரூபணம் ஆகிவிட்டதே! ஆனால் கவனியுங்கள், அது நோய் வந்தவரைக் குணப்படுத்துவது பற்றிய கேள்வி. வராமல் தடுப்பது வேறு கேள்வி. அதற்குச் சேத்துப்பட்டில் பதில் இல்லை.

பதில் தேடிப் போன இடம்தான் செங்கல்பட்டு மாவட்டம். 1968ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து, திருவள்ளூரைச் சுற்றியுள்ள 200க்கும் மேற்பட்ட ஊர்களில் உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனையை ஆரம்பித்தன. (அன்று திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான்.) பெயர் பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். ஊசி போடப்பட்டவர்கள் 2,81,161 பேர். சிலருக்கு அதிக அளவு பி.சி.ஜி., சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மருந்தும் ஏனோதானோ என்று எடுக்கவில்லை, நல்ல பெயர் வாங்கிய டென்மார்க் வகை ஒன்று, பாரிஸ் வகை ஒன்று.

இந்த வேலையின் அளவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கம்ப்யூட்டர் என்றால் அறை நிறைய இயந்திரம் என்ற காலம். செல்போன் இல்லை, ஆதார் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி, ஊசி போட்டு, பிறகு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை அதே ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, மார்பு எக்ஸ்ரே எடுத்து, சந்தேகம் இருந்தால் சளியை வாங்கிச் சோதித்து... இதை 15 வருடம் செய்தார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண், கூலி வேலைக்குப் பட்டணம் போன பையன், பெயரை மாற்றிச் சொல்கிற கிழவர் என்று எத்தனை பேரைத் துரத்தியிருப்பார்கள்! அந்த ஊழியர்கள் ஒருவர் பெயரும் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

ஏழரை வருடத்துக் கணக்கின் முடிவு 1979ல் வெளியானது. நுரையீரல் டி.பி.யிலிருந்து பெரியவர்களைக் காப்பாற்றுவதில் பி.சி.ஜி.யின் பலன் பூஜ்யம். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நடத்தியவர்களே அதிர்ந்துபோனார்கள். 15 வருட முடிவும் 1999ல் வந்தது, அதிலும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை. குழந்தையாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்களிடம் மட்டும் 27 சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு தெரிந்தது, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. தொழுநோய்க்கு எதிராக ஓரளவு உதவியது என்பது எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

இந்த முடிவைப் பார்க்க அம்ரித் கௌர் இல்லை, 1964ல் காலமாகிவிட்டார். ராஜாஜியும் இல்லை. 1972 டிசம்பர் 25ல் சென்னையில் அவர் இறந்தபோது திருவள்ளூர்ப் பக்கம் எக்ஸ்ரே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிரிட்டனில் 80 சதவீதம், இங்கே பூஜ்யம். ஏன் இப்படி? இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அதிகம் பேசப்படுவது இது: நம்மூர் மண்ணிலும் தண்ணீரிலும் டி.பி. கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் நிறைய உண்டு. சின்ன வயதிலிருந்தே அவை உடம்புக்குப் பழகிவிடுகின்றன. அதனால் பி.சி.ஜி. புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை, அல்லது அது வேலை செய்வதற்கு முன்பே உடம்பு அதை விரட்டிவிடுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வர வர பி.சி.ஜி.யின் பலன் குறைவது பல நாடுகளில் தெரிந்த விஷயம். இன்னொரு காரணம், நம் ஊரில் நிறையப் பேருக்கு வாலிப வயதுக்குள்ளேயே டி.பி. கிருமி உள்ளே போய்விடும். கதவைப் பூட்டுவதற்கு முன்பே திருடன் வீட்டுக்குள் இருந்தால் பூட்டு என்ன செய்யும்?

அப்படியென்றால் ராஜாஜி சொன்னது சரியா?

இந்த இடத்தில் அவசரப்பட்டால் தப்பாகிவிடும். செங்கல்பட்டு முடிவு வந்ததும் உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி யோசித்தது. ஊசியை நிறுத்தவில்லை. காரணம், கைக்குழந்தைகள். குழந்தைகளுக்கு வரும் டி.பி. பெரியவர்களுக்கு வருவது மாதிரி இருமலோடு நிற்காது, மூளை உறையைத் தாக்கும், உடம்பெல்லாம் பரவும். மூளைக்காய்ச்சல் வகை டி.பி. வந்த குழந்தை பிழைத்தாலும் காது, பார்வை, அறிவு என்று ஏதாவது ஒன்றைப் பறித்துக்கொண்டு போய்விடும். இந்த இரண்டு வகைகளையும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. 2006ல் வெளிவந்த ஒரு கணக்குப்படி, 2002ல் உலகம் முழுக்கச் சுமார் 10 கோடிக் குழந்தைகளுக்குப் போட்ட பி.சி.ஜி., அவர்களுடைய முதல் ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ 30,000 மூளைக்காய்ச்சல் டி.பி.யையும் 11,000க்கும் மேற்பட்ட உடல் முழுக்கப் பரவும் டி.பி.யையும் தடுத்தது. விலையோ மிகமிகக் குறைவு. நம் தோளில் இருக்கும் தழும்புக்கு அர்த்தம் இதுதான். நாற்பது வயதில் வரும் டி.பி.யைத் தடுக்க அது உதவாமல் போகலாம், நான்கு வயதில் வந்திருக்கக்கூடியதைத் தடுத்திருக்கலாம்.

ஆக, 1955ல் அரசாங்கம் எதற்காக பி.சி.ஜி. போட்டதோ, அதாவது நாட்டில் டி.பி. பரவுவதை நிறுத்த, அதற்கு அது உதவவில்லை. ராஜாஜி எதற்காகப் பயந்தாரோ, அதாவது குழந்தைகளுக்குக் கெடுதல் வரும் என்று, அதுவும் நடக்கவில்லை. சொல்லப்போனால் எந்தக் குழந்தைகளுக்காக அவர் பயந்தாரோ அந்தக் குழந்தைகளுக்குத்தான் ஊசியால் லாபம்! நிரூபணம் எங்கே என்று அவர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் நின்றது. அதற்குப் பதில் கிடைக்க 24 வருடமும் இரண்டே முக்கால் லட்சம் பேரின் கைகளும் தேவைப்பட்டன.

அம்ரித் கௌர் மேலும் பெரிதாகக் குறை சொல்லத் தோன்றவில்லை. வருடத்துக்கு 5 லட்சம் பேர் சாகும்போது, கையில் இருக்கும் ஒரே கருவியை, முழு நிரூபணம் வரட்டும் என்று பெட்டியில் பூட்டி வைக்க எந்த அமைச்சருக்கு மனசு வரும்? ஆனால் போட ஆரம்பித்த அன்றே, ஒரு மாவட்டத்தில் சோதனையையும் ஆரம்பித்திருக்கலாம். 20 வருடம் தள்ளிப்போட்டிருக்க வேண்டாம். அந்த 20 வருடத்தில், ஊசி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வேறு என்னென்ன செய்யாமல் விட்டார்கள் என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் இடமே கிடையாது.

ராமனின் கட்சிக்கும் ரொம்ப நாள் கழித்து ஓர் ஆதாரம் வந்தது. ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் உணவுப் பொருட்கள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி, 2023ல் வெளியானது. சத்தான உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. செங்கல்பட்டில் பெரியவர்களுக்கு பி.சி.ஜி. செய்ய முடியாததை அரிசியும் பருப்பும் செய்திருக்கின்றன. சாக்கடை இஞ்சினியர் உயிரோடு இருந்திருந்தால் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்.

கிண்டி ஆய்வகத்தின் கதையையும் ரெண்டு வரியில் சொல்லிவிடலாம். 1978ல் தேசியத் தடுப்பூசித் திட்டம் வந்தபோது பி.சி.ஜி.யும் அதில் சேர்ந்தது, நாட்டுக்கு வேண்டிய மருந்தில் பெரும் பங்கு இங்கிருந்துதான் போனது. தரக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப வசதிகள் இல்லை என்று 2008 ஜனவரியில் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. பெரிய கூச்சல் எழுந்து 2010ல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. அதற்குள் தனியார் சந்தையைப் பிடித்துவிட்டார்கள். இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடங்களில் போடத் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. வெளிநாட்டுச் சதி, நம் பிள்ளைகள் மேல் சோதனை, ஊசி போட்ட குழந்தைக்கு அப்படி ஆனது இப்படி ஆனது... பயந்துபோன பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை, கடைசியில் இயக்கத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வாசகங்கள் கிட்டத்தட்ட 1955ன் வாசகங்கள்தான். ஒரு வித்தியாசம் உண்டு. ராஜாஜி தன் பெயரைப் போட்டு, அச்சடித்து, இன்ன காரணத்துக்காக எதிர்க்கிறேன் என்று எழுதினார். அதனால் ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துச் சரியா தப்பா என்று இன்றைக்கும் சோதித்துப் பார்க்க முடிகிறது. வாட்ஸ்அப்பில் வந்ததை எழுதியது யார்? யாரிடம் போய் நிரூபணம் கேட்பது? தட்டம்மை ஊசியின் பலனோ பல நாடுகளில் பல தடவை சோதித்து உறுதியான ஒன்று. 1955ல் பி.சி.ஜி. இருந்த நிலைமையும் அதுவும் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே தராசில் போட்டு, ராஜாஜியே எதிர்த்தார் தெரியுமா என்று ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள் செங்கல்பட்டுக் கதையை முழுசாகப் படித்துவிட்டு அனுப்பினால் நல்லது.

பி.சி.ஜி. கதை இன்னும் முடிந்தபாடில்லை. 2024ல் மத்திய அரசு பெரியவர்களுக்கும் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் திட்டத்தைப் பல மாநிலங்களில் தொடங்கியது. 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், ஏற்கெனவே டி.பி. வந்து குணமானவர்கள், டி.பி. நோயாளியின் வீட்டில் இருப்பவர்கள், இப்படிப்பட்டவர்களுக்கு, விருப்பப்பட்டால் மட்டும். சில மாவட்டங்களில் போடுவது, சில மாவட்டங்களில் போடாமல் விடுவது, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டின் மாவட்டங்களும் பட்டியலில் உண்டு. இந்தத் தடவை கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஊசி போட்டார்கள்.